இடது வரிசை, நான்காவது

ஒரே ஒரு நாற்காலி. அழகியல் துறை, நிரந்தரப் பணி.
அறுபத்தொரு விண்ணப்பங்கள்.
த்ரோன்ஹெய்மில் நவம்பர்;
மூன்று மணிக்கே ஜன்னலில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.
ஓட்வார் மடிக்கணினியில் அட்டவணையைத் திறந்தார்.
முதல் பத்தி வெளியீடுகள்,
இரண்டாவது கொண்டுவந்த நிதி,
மூன்றாவது கற்பித்தல்.
எந்த முழக்கோலுக்கும் அடங்காததை
எப்படிப் பேசுவது என்று
இருபத்தாறு வருடம் வகுப்பெடுத்தவள் நான்.
முதல் கட்டத்தில் நாலரை போட்டேன்.

சட்டகங்களின் அரசியல் பற்றி எழுநூறு பக்கம் ஒருவர்.
அருங்காட்சியகக் கடைகளில் விற்கும்
கோப்பைகளின் மேல் அச்சிட்ட சூரியகாந்திகள் பற்றி இன்னொருவர்.
நான்கு நாடுகளில் நான்கு ஆய்வு நிதி வாங்கியவரின் மகள்
நான்கு மொழிகளில் எண்ணக் கற்றிருக்கிறாளாம்,
எதிலும் இருபதைத் தாண்டவில்லையாம்.
அதை ஏன் எழுதினார் என்று தெரியவில்லை.
அதற்கும் மதிப்பெண் இல்லை.

நாற்பத்தேழாவது கோப்பு, ஹெர்டிஸ் நெஸ்வோல்.
ஏழு மாத ஒப்பந்தம், பதினொரு முறை.
நடுவில் இரண்டு ஆண்டு:
ஃபியோர்டைக் கடக்கும் படகில் தள ஊழியர்.
மறைத்திருக்கலாம்.
அந்த இடத்தில் எல்லோரும் ‘சுயாதீன ஆய்வு’ என்று எழுதுவார்கள்,
நானும் ஒருகாலத்தில் எழுதினேன்.
அவள் எழுதியது இது:
“ஒரே மலையை 2,214 முறை கடந்தேன்.
அதைப் பார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
பார்த்ததற்குச் சம்பளமும் இல்லை.”

“நல்ல வாக்கியம்,” என்றார் டாக்ஃபின்.
“எந்தப் பத்தியில் போடலாம்?”
கேலியாகக் கேட்கவில்லை அவர்.
உண்மையிலேயே இடம் தேடினார்,
சுட்டி திரையில் மேலும் கீழும் அலைந்தது.
கடைசியில் ‘பிற’ என்ற பத்தியில் ஓர் அரை.

அறிக்கை எழுதும் முறை என்னுடையது.
“சுமார் 2,200 படகுப் பயணங்களை முன்வைத்து எழும்
சுவாரசியமான கேள்வி, ஆனால்”
என்று தொடங்கிவிட்டால் போதும்,
அந்த ‘ஆனால்’ மீதியைத் தானே எழுதிக்கொள்ளும்.
என் கைக்குப் பழக்கமான கதவுக்கீல் அது.
மூன்றாமிடம்.

ஆட்சேபிக்க விண்ணப்பதாரர்களுக்கு அவகாசம் உண்டு.
பதினேழு பேர் ஆட்சேபித்தார்கள், ஒருவர் வழக்கறிஞர் மூலம்.
ஹெர்டிஸிடமிருந்து ஒரு வரி வந்தது:
“பக்கம் ஒன்பதில் பதினான்கு பயணங்கள் விடுபட்டுள்ளன.”

முதலிடத்தவருக்கு வேறு ஊரில் நாற்காலி கிடைத்தது.
இரண்டாமவர் வந்தார்.
நல்ல மனிதர். அவர் வகுப்பில் இடம் கிடைப்பதில்லை.
தவறாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

ஈஸ்டர் விடுமுறை. கார்க் கூரையில் பனிச்சறுக்குப் பலகைகள்.
படகுத்துறையில் என் முன்னால் நீண்ட வரிசை.
சரிவுப்பலகையின் முனையில், ஆரஞ்சு மேலங்கியில்,
திரைவழி நேர்காணலில்
நாற்பது நிமிடம் பார்த்த அதே முகம்.
உள்ளங்கை உயர்ந்தது. நின்றேன்.
இரண்டு விரல் அசைந்தது: வா. இன்னும் வா.
முன்காரின் பின்விளக்கு என் மூக்கை இடிக்குமளவுக்கு, வா.
பிறகு மூடிய முட்டி.
“இடது வரிசை, நான்காவது,” என்றாள் கம்பியில்லாக் கருவியில்
வேறு யாருக்கோ.
என் கார் முகப்பை இருமுறை தட்டினாள்.
எல்லாக் கார்களையும் தட்டுகிறாள், கவனித்தேன்.
என்னை அடையாளம் தெரிந்ததா என்பது
எனக்குத் தெரியாது; கேட்கும் தைரியமும் வரவில்லை.

மேல்தளத்துக்கு ஏறினேன்.
கையில் காபி, காகிதக் குவளையின் சூடு.
மலை இருந்தது.
உச்சியில் பழைய பனி, அதன் கீழே
ஈரம் கசிந்து கறுத்த பாறை,
அதற்கும் கீழே பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே
இலை வராத பிர்ச் மரங்கள்,
அந்த நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை.
இருபத்தாறு வருடம்.
ஒன்று, என்று எண்ணினேன்.

ஓட்டுநர்கள் வாகனங்களுக்குத் திரும்பவும்
என்றது ஒலிபெருக்கி.
நான் இன்னும் மேற்குச் சரிவுக்கே
வந்து சேர்ந்திருக்கவில்லை.